மூன்றாம் ஓலை

கடலூரில் ஒரு திருச்சபை மாகாணம் இருந்தது. மாகாணம் என்றதும் நாலு ஜில்லா, பத்துத் தாலுக்கா என்று மனசுக்குள் படம் போட்டுவிட வேண்டாம். ஆங்கிலிக்க முறைப்படி, பல சபைகள் சேர்ந்தால் ஒரு பேராயம். அதற்கு ஒரு பேராயர். பல பேராயங்கள் சேர்ந்தால் ஒரு மாகாணம்; அதற்கு ஒரு பிரதமப் பேராயர். இது புத்தகத்தில் இருப்பது. நம்முடைய கோரமண்டல் ஆங்கிலிக்கத் திருச்சபை மாகாணத்திலும் இதில் எதற்கும் குறைவில்லை. பேராயர் உண்டு, பிரதான குரு உண்டு, செயலாளர் உண்டு, துணைச் செயலாளர் உண்டு. சனம்தான் கொஞ்சம் குறைச்சல்.

மாகாணத்தின் சரித்திரம் ரொம்பப் பெரிசு. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கப்பலில் வந்து இறங்கி, கடலூர் முதுநகரில் சர்ச் கட்டி, கூரை போட்டு முடித்த கையோடு காய்ச்சலில் செத்துப்போனார். சாகும்போது கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நீங்கள் எல்லோரும் ஒருவரையொருவர்..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதில்தான் மாகாணத்தின் முதல் அடிதடி நடந்தது. அவர் உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்ததாம்.

அதற்குப் பிறகு பெரிய சண்டை என்று பார்த்தால், சுனாமிக்கு அடுத்த வருஷம் வந்ததுதான். அயல்நாட்டுச் சகோதர சபைக்காரர்கள் சிலர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். போகும்போது பேராயருக்கு, அவர் பதவிக்கு அடையாளமான மேய்ப்பர் கோல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். உச்சியில் வளைந்து, வெள்ளிப் பூச்சுப் பூசி, மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கிற மாதிரியான கோல். பாவம், நல்ல மனுஷர்கள். வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு கோலும் கொண்டுவந்திருந்தார்கள். திருப்பி எதற்குத் தூக்கிக்கொண்டு போவது என்று அதையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான், முடிந்தது கதை. ஒரு கோல் பேராயர் தேவசகாயத்தின் கையில் இருந்தது. இன்னொன்றை மாகாணச் செயலாளர் டேனியல் சுப்பராயலு பெட்டியோடு தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். கோல் இருக்கிறது, பேராயர் பதவி இல்லாமல் எப்படி? ஒருவரைப் பேராயராக்க மூன்று பேராயர்கள் சேர்ந்து அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது விதி. சுப்பராயலு விதியை மீறுகிற ஆள் இல்லை. கம்மாபுரம், மங்கலம்பேட்டை, குமராட்சி என்று மூன்று ஊரிலும் ஊருக்கொரு பேராயரை முதலில் தாமே அபிஷேகம் செய்துவைத்தார். பிறகு அந்த மூவரும் சேர்ந்து இவரை அபிஷேகம் செய்தார்கள். இதில் எது முன்னே எது பின்னே என்று எழுந்து நின்று கேட்ட ஒரு வாத்தியாருக்கு முன்பல் இரண்டு போயிற்று. அதோடு இறையியல் சந்தேகங்கள் யாருக்கும் வரவில்லை.

ராஜாமணிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான், நமக்கென்ன வந்தது என்று இருந்தார். முதுநகரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்; கடைசி பெஞ்சில் உட்காருவார்; சண்டை ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். பெஞ்சாதி போனபிறகு அவருக்கு இருந்த ஒரே உறவு மகள் எழிலரசி. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் தை மாசத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. அதோடு அவருடைய நிம்மதி போயிற்று.

வரனில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பையன் ஞானசேகரன், சிதம்பரம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஆளும் தணிவு, பேச்சும் தணிவு. பெண் பார்க்க வந்தவன், போகும்போது ராஜாமணியின் கையைப் பிடித்து, "மாமா, நீங்க தனியா இருக்கணும்னு நெனைக்காதீங்க. நான் ஒரு புள்ள இருக்கேன்னு நெனச்சுக்குங்க" என்றான். ராஜாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. எழிலரசியும் அன்று முழுக்க சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி ராஜாமணி கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

ஒரே சிக்கல், நாள். பையனுக்கு லீவு மாசி மத்தியோடு தீருகிறது. அதற்கு முன்பே சாம்பல் புதன் வந்துவிடும். அன்றைக்குத் தொடங்குவது லெந்து காலம்; உபவாச நாட்களில் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. ஆகவே சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமையே கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்றால், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஆராதனையில் சபைக்கு முன்னால் கேட்பது. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மாகாணம் தொடங்கிய நாளிலிருந்து ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் மூன்று ஓலையில் ஒன்று குறைந்தாலும் கல்யாணம் செல்லாது.

ராஜாமணி முதலில் கடலூர்ப் பேராயர் இல்லத்துக்குப் போனார். வாசலில் 'சமாதானப் பேரவை' என்று பலகை மாட்டியிருந்தது. பலகைக்குக் கீழே நாலைந்து வாலிபர்கள் உட்கார்ந்து சிலம்புக் கம்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மகா கனம் பொருந்திய பேராயர் தேவசகாயம் கழுத்தில் பட்டையோடு தலையைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கொஞ்சம் விசேஷமாக நடந்திருந்தது.

"வாங்க ராஜாமணி. நம்ம மாகாணம் அன்புல கட்டுன மாகாணம். நான் பொறுப்பேத்து இத்தினி வருசம் ஆச்சு. எனக்கு எதிரா ஒரு குரல் உண்டா? கெடையாது. எதிர்த்துப் பேசுனவங்க யாரும் இன்னிக்கு வாயத் தொறக்க முடியாது. தாடையில கம்பி கட்டியிருக்கு. அப்பேர்ப்பட்ட ஒத்துமை. சொல்லுங்க, என்னா விசயம்?"

ராஜாமணி சொன்னார்.

"மாப்ள சிதம்பரமா? அப்படி ஒரு பேராயம் கெடையாதே."

"ஊரு இருக்குதுங்களே, ஐயா."

"ஊரு இருக்கும். நடராசரு இருக்காரு, நான் இல்லைன்னு சொன்னனா? பேராயம் இல்ல. இல்லாத பேராயத்துல ஞானஸ்நானம் வாங்குனவன் எப்படி இருப்பான்? அவனும் இல்ல. இல்லாதவனுக்கு ஓலை வாசிச்சா, சட்டப்படி உங்க பொண்ணு தனியா நின்னு கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி ஆயிடும். நல்லா இருக்குமா, சொல்லுங்க?"

நல்லா இருக்காது என்று ராஜாமணி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிதம்பரம் போனார். ஞானசேகரனே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். பேராயர் சுப்பராயலுவின் இல்லம் மாடியில் இருந்தது. "பாத்து மாமா, படி ஒசரம் ஜாஸ்தி" என்று முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

பேராயர் சுப்பராயலு ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, மறு கையில் கோலைப் பிடித்திருந்தார். வீட்டுக்குள்ளும் அவர் கோலைக் கீழே வைப்பதில்லை.

"கடலூர்லேருந்தா வர்றீங்க? அங்க பேராயம்னு ஒண்ணும் இல்லீங்களே. இல்லாத எடத்துலேருந்து நீங்க எப்படி வர்றீங்க?"

"பஸ்ஸுலதாங்க வந்தேன்" என்றார் ராஜாமணி.

"அங்க இருக்கறது ஒரு ரவுடிக் கூட்டம். நாங்க அப்படி இல்ல. எங்க பக்கம் அடிச்சாலும் மொறைப்படி அடிப்போம். முதல்ல ஜெபம், அப்பறம் தீர்மானம், அப்பறந்தான் அடி. அடிச்சு முடிச்சதும் நன்றி ஸ்தோத்திரம். ஆங்கிலிக்க ஒழுங்குன்னா அதுதான். இந்தத் தம்பியவே கேளுங்க. மஸ்கட்லேருந்து லீவுல வந்த புள்ள, சபை காரியத்துக்கு ஒரு நாள் தவறுனது இல்ல."

ஞானசேகரன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான். ராஜாமணிக்குப் பெருமையாக இருந்தது. சபை காரியம் என்றால் நாற்காலி போடுவது, தோரணம் கட்டுவது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. இந்த இரண்டு பேராயர்களும் இருப்பதாக ஒப்புக்கொள்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். முதுநகர்ப் பழைய சர்ச். இரண்டு பேரும் அதன் பேரில் கேஸ் போட்டிருந்ததால், அது இல்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஓலையை அங்கே வாசிப்பது, ஆளுக்கொரு பாதிரியாரை அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. ராஜாமணி அங்கும் இங்கும் அலைந்து இரண்டு பேர் காலிலும் விழுந்து இதை வாங்கினார்.

முதல் ஞாயிறு. இரண்டு பாதிரியார்களும் வெள்ளை அங்கியோடு ஒரே மைக்குக்கு வந்தார்கள். "கடலூரைச் சேர்ந்த ராஜாமணி மகள்..." என்று ஒருவர் தொடங்க, "சிதம்பரத்தைச் சேர்ந்த..." என்று மற்றவர் மைக்கை இழுக்க, முன்னவர் பின்னவரின் கட்டைவிரலைக் கடித்துவிட்டார். கடிபட்டவரின் அலறல் ஸ்பீக்கர் வழியாக மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்டது. அடுத்த நிமிஷம் முழங்கால் போடுகிற மெத்தைகள் பறந்தன. பிறகு பெஞ்சுகள் புறப்பட்டன. இதற்கு நடுவிலே பாடகர் குழு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. பாட்டை நிறுத்தினால் எந்தக் கட்சி என்று கேட்பார்களே, அந்தப் பயம். சமாதானத்தைப் பற்றிய பாட்டு அது. ஐந்து சரணத்தையும் முடித்து, மறுபடி பல்லவியிலிருந்து எடுத்தார்கள்.

பெண் பெயரை ஒருவரும் மாப்பிள்ளை பெயரை மற்றவரும் படித்துவிட்டபடியால், முதல் ஓலை சேர்ந்து வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேராயங்களும் தனித்தனியே தீர்ப்புச் சொல்லின. ராஜாமணி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

எழிலரசி இதையெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சபைக்காரர்கள் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு டூட்டி போட்டுவிடுவார்கள். தன் பெயரை ஓலையில் வாசிக்கும்போது காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என்ன செய்ய? ஓலை வாசித்தவரின் கட்டைவிரலுக்குத்தான் அவள் மருந்து போட்டாள். "ஒங்க ஓலைதாம்மா, நல்லபடியா முடிஞ்சுது" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தினார்.

இரண்டாம் ஞாயிறு பேராயர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. வெள்ளைக்காரப் பாதிரியார் கொண்டுவந்த தேக்கு நாற்காலி. அதில் உட்காருகிறவர்தான் பேராயர். தேவசகாயம் உட்கார்ந்தார். சுப்பராயலுவும் உட்கார்ந்தார். நாற்காலி பெரிசு என்றாலும் மாகாணத்தின் தலைமை இரண்டையும் தாங்குகிற அளவுக்குப் பெரிசில்லை. ஆளுக்குப் பாதி பிருஷ்டம் வெளியே தொங்க, கிரீடம் சாயாமல், முகத்தில் புன்னகை மாறாமல், அங்கிக்குள்ளே முழங்கையால் ஒருவரை ஒருவர் விலாவில் இடித்துக்கொண்டார்கள். சபை பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று படார் என்று ஒரு சத்தம். நாற்காலியின் கை பிய்ந்து தேவசகாயத்தின் கையில் இருந்தது. அவர் அதை வீணாக்கவில்லை.

இரண்டாம் ஓலை பலிபீட மேஜைக்கு அடியிலிருந்து வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அடியிலிருந்து குரல் வந்தபோது, மேஜை மேல் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் கொளஞ்சியப்பன் நாலு போலீஸ்காரர்களோடு வந்து, வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"ஏன்யா, இதுல சாமி எந்தக் கட்சி?" என்று ராஜாமணியைக் கேட்டார்.

"தெரியலைங்க சார். நான் பொண்ணு வீடு" என்றார் ராஜாமணி.

அன்றைக்கு அடிபட்டவர்களை வேனில் ஏற்றிவிட்டது ஞானசேகரன்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப்போய், ஒவ்வொருவரையும் பக்குவமாகத் தூக்கிக் கிடத்தினான். கிடத்தப்பட்டவர்களில் கடலூர்க்காரர்கள் சிலர் அவன் முகத்தைப் பார்த்துப் பதறினார்கள். வலியில் பதறுகிறார்கள் என்று ராஜாமணி நினைத்தார்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. மறுநாள் கல்யாணம். பந்தல் போட்டாயிற்று, இலைக்கட்டு வந்தாயிற்று, பிரியாணி அண்டா இறக்கியாயிற்று. இந்த ஓலை ஒன்று நல்லபடியாக விழுந்துவிட்டால் போதும், பிறகு இந்த மாகாணமே கெடிலம் ஆற்றில் முழுகட்டும் என்று ராஜாமணி வேண்டிக்கொண்டார். அன்று அவர் கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சிதம்பரத்திலிருந்து மூன்று வேனில் ஆள் வந்திருந்தது. கம்மாபுரம், மங்கலம்பேட்டை, குமராட்சிப் பேராயர்களும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடலூர்ப் பக்கம் சமாதானப் பேரவை மொத்தமும் எண்ணெய் போட்ட கம்போடு நின்றது. பவனிப் பாட்டு தொடங்கியது. இரண்டு பேராயர்களும் நடுப்பாதையில் எதிரெதிரே வந்தார்கள். பரிசாக வந்த இரண்டு கோல்களும் நாலு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக நேருக்கு நேர் வந்தன. டங் என்று மோதின. மூன்று துண்டாகக் கழலும் என்று சொன்னேனே, கழன்றன. ஆறு துண்டும் ஆறு கைக்குப் போயின.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மெழுகுவர்த்தித் தண்டு ஒருவர் முதுகில் வளைந்தது. காணிக்கைத் தட்டு ஒருவர் காதை அறுத்துக்கொண்டு போனது. குமராட்சிப் பேராயரை ஞானஸ்நானத் தொட்டியில் முக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பேராயம், சொல்லு!" என்று கேட்டார்கள்; அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நீர்க்குமிழிதான் வந்தது. தரையெல்லாம் ரத்தம் வழுக்கியது. பாடகர் குழு அல்லேலூயா பாடியது.

ராஜாமணி நடுவில் ஓடினார். "ஐயா, சாமி, ஓலைய மட்டும் படிச்சுடுங்கய்யா! நாலே வரி! படிச்சுட்டு அடிச்சுக்குங்கய்யா!" என்று கும்பிட்டுக்கொண்டு கத்தினார். யாருக்குக் கேட்கிறது? பின்னாலிருந்து மண்டையில் ஓர் அடி விழுந்தது.

பாட்டு நம்பர் மாட்டுகிற பலகை அது. பச்சை பெயிண்ட் அடித்த தேக்குப் பலகை. ராஜாமணி முழங்காலில் விழுந்து திரும்பிப் பார்த்தார். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஞானசேகரன்.

"மாப்ள... நான்தான் மாப்ள" என்றார்.

ஞானசேகரனுக்கு அடையாளம் தெரிந்தது. பதறிப்போனான். "ஐயய்யோ மாமா! நீங்களா?" என்று குனிந்தான். சிதம்பரம் பேராயர் அந்தப் பக்கத்திலிருந்து, "தம்பி! என்னா நின்னுட்ட?" என்று குரல் கொடுத்தார். ஞானசேகரன் ஒருமுறை அவரைப் பார்த்தான். ஒருமுறை ராஜாமணியைப் பார்த்தான்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. குடும்பம் வேற, இது பேராய விசயம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இன்னோர் அடி போட்டான்.

முதல் அடியை ராஜாமணி மன்னித்திருப்பார். ஏன், அடிபட்ட அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார். இரண்டாவது அடியில்தான் அவருக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. அப்போதும், வேனில் கிடக்கையில், முகத்தில் ரத்தம் வழிய அவர் நினைத்தது ஒன்றுதான். இது எழிலுக்குத் தெரியக் கூடாது. விடிந்தால் கல்யாணம். புள்ள பாட ஆரம்பித்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வார்டு நிரம்பி வழிந்தது. கடலூர்ப் பேராயமும் சிதம்பரம் பேராயமும் ஒரே கூரையின் கீழே ஒழுங்காக, அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தன. இரண்டு பேராயர்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், மண்டையில் கட்டு, ஆளுக்கொரு குளுக்கோஸ் பாட்டில். டாக்டர் எலும்பு முறிந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் போடுகிற வேலை எழிலரசியிடம் இருந்தது.

அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.  முடியைக் கத்தரித்து, காயத்தைக் கழுவினாள்.

"எப்படிப்பா?"

"படியில விழுந்துட்டேம்மா. சர்ச் படி ஒசரம் ஜாஸ்தில்ல."

"ரெண்டு காயம் இருக்குது. ஒருதரம்தான விழுந்தீங்க?"

"ரெண்டு படி" என்றார் ராஜாமணி.

 காயத்துக்குள்ளிருந்து சிராய் ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை பெயிண்ட்.  சற்று முன்னால், ஒரு காயமும் இல்லாமல் வரிசையில் வந்த ஒரே ஆளின் உள்ளங்கையிலிருந்து அவள் இதே மாதிரி ஒரு பச்சைச் சிராயை எடுத்திருந்தாள். "பெஞ்சு தூக்குனேன், குத்திடுச்சு எழில்" என்று அவன் சிரித்தான். சர்ச் பெஞ்சுகளுக்குப் பெயிண்ட் கிடையாது. வார்னிஷ்.

அவள் ஒரு காயத்தைத் தைத்து முடித்த நேரத்தில் கொளஞ்சியப்பன் உள்ளே வந்தார். "ரெண்டு சாமியும் கேளுங்க. ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காம ரிமாண்டு பண்ண எனக்கு மேலேருந்து உத்தரவு. ரெண்டு பேரும் சேந்து ஏதோ ஒரு நல்ல காரியம் பண்ணீங்கன்னா, சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்லி நான் தப்பிச்சுக்குவேன். என்னா பண்றீங்க?"

பேராயர்கள் யோசித்தார்கள். சேர்ந்து நல்ல காரியம் செய்து பழக்கமில்லாததால் உடனே எதுவும் தோன்றவில்லை. ராஜாமணி கட்டிலிலிருந்து எழுந்து, கையைக் கூப்பினார்.

"ஐயா, மூணாவது ஓலை."

இடம் செல்லுமா என்று ஒரு கேள்வி வந்தது. தேவசகாயம் வார்டைச் சுற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. பாதிரியார்கள் இருக்கிறார்கள், பாடகர் குழுவும் இருக்கிறது, சபை மொத்தமும் இருக்கிறது. "சர்ச்சுல இப்ப ஒரு ஆளும் இல்ல. அப்ப இதுதான் சர்ச்" என்றார். சுப்பராயலு ஆமாம் என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போனதைக் கண்டு மங்கலம்பேட்டைப் பேராயர் பயந்து போர்வையை இழுத்துக்கொண்டார்.

ஓலை வாசிக்கப்பட்டது. ஒரு வார்த்தை தேவசகாயம், அடுத்த வார்த்தை சுப்பராயலு. "கடலூரைச் சேர்ந்த ராஜாமணியின் மகள் எழிலரசிக்கும், சிதம்பரத்தைச் சேர்ந்த ஞானசேகரனுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்களைச் சேர்த்துவைக்கக் கூடாதபடி நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டியது. இது மூன்றாம் ஓலை."

ராஜாமணிக்கு அப்பாடா என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற ஞானசேகரன் தலையைக் குனிந்து ஆமென் சொல்லத் தயாரானான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் எழிலரசி.

வார்டில் முனகலெல்லாம் நின்றது. பேராயர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதற்கு அடுத்து என்ன வாசிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"நீ பொண்ணும்மா" என்றார் தேவசகாயம். "பொண்ணு தடை சொல்லக் கூடாது."

"யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கன்னுதான கேட்டீங்க? எனக்குத் தெரியுது, சொல்றேன்." அவள் கிண்ணத்தில் போட்டுவைத்திருந்த இரண்டு சிராய்களையும் எடுத்து ஞானசேகரன் முன்னால் நீட்டினாள். குரல் உயரவில்லை. "மொத அடி ஆள் தெரியாம அடிச்சீங்க. ஒத்துக்கறேன். ரெண்டாவது அடி?"

ஞானசேகரனுக்கு முகம் வேர்த்தது. அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அதுதான் வினையாயிற்று. "எழில், மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் அடிச்சேன். மரியாதை இல்லாம அடிக்கல. வேணும்னா அவரையே கேளு" என்றான்.

எல்லோரும் ராஜாமணியைப் பார்த்தார்கள். அவர் படியில் விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "ஆமாம்மா" என்றார். "சொல்லிட்டுத்தான் அடிச்சாரு."

எழிலரசி கழுத்திலிருந்த நிச்சயதார்த்தச் செயினைக் கழற்றி, பஞ்சில் துடைத்து, அவன் சட்டைப் பையில் போட்டாள்.

அதற்குள் பேராயர்களுக்குச் சுயநினைவு வந்துவிட்டது. மாகாண வரலாற்றிலேயே முதல் தடை. இதை விசாரிக்கிற அதிகாரம் யாருக்கு? பெண் கடலூர், ஆகவே எனக்கு என்றார் தேவசகாயம். குற்றவாளி எங்கள் சபைப் பிள்ளை, ஆகவே எனக்கு என்றார் சுப்பராயலு. "இல்லாத பேராயத்துக்கு என்னாடா விசாரணை?" என்று ஒருவர் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்க, மற்றவரும் பிடுங்கினார். ஊசி தெறித்தது. பாடகர் குழு கட்டில்களில் படுத்தபடியே சுதி பிடித்தது. கொளஞ்சியப்பன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

ராஜாமணிக்கு அழுகை வந்தது. கல்யாணம் நின்றுபோனதே என்று அழுகிறார், பாவம் என்று பக்கத்துக் கட்டில்காரர் தேற்றினார். ராஜாமணி அழுதது அதற்கில்லை.

"தலைய ஆட்டாதீங்கப்பா. இன்னொரு காயம் பாக்கி இருக்குது" என்று எழிலரசி ஊசியில் நூல் கோத்தாள். 

கோரமண்டல் மாகாணத்தின் இரண்டு பேராயங்களும் தங்கள் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். அது அடுத்த வாரமே நிறைவேறியது. இனிமேல் ஓலையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை மட்டும் வாசித்தால் போதும், தடை தெரியுமா என்கிற கேள்வியை நீக்கிவிட வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். கடலூர் முன்மொழிந்தது, சிதம்பரம் வழிமொழிந்தது. இரண்டு பேராயர்களும் எழுந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள். ரொம்ப இறுக்கித் தழுவவில்லை. எழிலரசி போட்ட தையல் இரண்டு பேருக்கும் இன்னும் பிரிக்கவில்லை.